முத்துக் கரையில் போறணையும் ரேந்தையும்

கொண்டச்சி என்னும் பெயர் உலக வரலாற்றில் இடம்பெற்றது முத்தினால். மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பகுதியில், அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் தெற்கே, மணல்மேடுகளும் முட்புதர்களும் சூழ்ந்த கரையில் அமைந்துள்ள சிற்றூர் அது. அதன் குடாவுக்கு எதிரே, மன்னார் வளைகுடாவின் அடியில், முத்துச்சிப்பிகள் படிந்து வளரும் பார்கள் உள்ளன. பிரித்தானியர் 1795ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றியபின், 1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளும் இக்கடலில் தொடர்ந்து முத்துச் சலாபம் நடத்தினர். 1803ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட இராணுவ அதிகாரி இராபர்ட் பெர்சிவலும், 1807ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட போதகர் ஜேம்ஸ் கோடினரும் கொண்டச்சிச் சலாபத்தை விரிவாக வருணித்திருக்கின்றனர். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் சலாபத்தை மேற்பார்வை செய்வதற்கெனக் கட்டிய மாளிகையின் இடிபாடுகள் அரிப்புக் கரையில் கடலால் அரிக்கப்பட்டபடி நிற்கின்றன.

ஆண்டின் பெரும்பகுதியில் ஆளரவமற்றுக் கிடந்த அம்மணற்கரை, மாசி பங்குனி மாதங்களில் ஒரு நகரமாக மாறிவிடும். கம்பு நட்டு ஓலை வேய்ந்த குடிசைகளும் கடைவீதிகளும் சில நாட்களில் எழும்பும். கீழக்கரை, தூத்துக்குடி முதலிய எதிர்க்கரைப் பட்டினங்களிலிருந்து தோணிகள் வந்து சேரும். நள்ளிரவுக்கு முன் கரைக்காற்றில் புறப்படும் தோணிகள் விடியுமுன் பார்களை அடையும். கடற்காற்று எழும் நண்பகலில் திரும்பும். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கிய குளியாளன் ஏறக்குறைய ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பி சேர்த்தான். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி கரையில் நின்று மந்திரம் ஓதினான். சலாபம் முடிந்ததும் குடிசைகள் கலைந்தன. சிப்பியோடுகள் மட்டும் மணலில் எஞ்சின.

அரசாங்கத்தின் கணக்கேடுகளில் இவையெல்லாம் பதிவாகியுள்ளன. எத்தனை தோணி, எத்தனை சிப்பி, எவ்வளவு வருமானம் என்பவற்றைக் காகிதத்தில் காணலாம். ஆனால் கடல்வழி வந்த அந்நியர் இக்கரையோர வீடுகளின் அடுக்களையிலும் திண்ணையிலும் விட்டுச்சென்றவை எவை என்று எக்கணக்கேடும் சொல்வதில்லை. அதனை அறிய வேண்டுமாயின் இலங்கைத் தமிழரின் அன்றாடப் பேச்சைக் கேட்கவேண்டும். அப்பேச்சிலுள்ள மூன்று சொற்கள் ஒரு சிறிய வரலாற்றையே சொல்கின்றன. அவை பாண், போறணை, ரேந்தை என்பன.

போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் மன்னாரில் கோட்டை கட்டினர். 1658ஆம் ஆண்டில் அக்கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறும்வரை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் அவர்கள் இங்கு நிலைகொண்டிருந்தனர். அவர்களுடைய ஆட்சிமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. வீட்டுப் பொருள்களின் பெயர்களோ மறையவில்லை. அவர்கள் ரொட்டியை 'பாவ்' என்றனர். அது பாண் ஆயிற்று. அடுப்பறையைக் குறித்த சொல் குசினி ஆயிற்று. ரொட்டி வேகவைக்கும் சூளையை 'போர்னோ' என்றனர். அது போறணை ஆயிற்று. நூலால் பின்னிய பூவேலை ஓரத்தை 'ரெந்தா' என்றனர். அது ரேந்தை ஆயிற்று. தாச்சி, மேசை, அலுமாரி, பொத்தான் ஆகியனவும் அவ்வழி வந்தவையே. ஒரு சொல் பிறமொழியிலிருந்து வந்து அடுக்களையில் நிலைத்துவிட்டதென்றால், அச்சொல் குறிக்கும் பொருளும் அங்கே நிலைத்துவிட்டது என்பதே கருத்து. போறணையும் ரேந்தையும் எவ்வாறு கோட்டையை விட்டு வெளியேறிச் சிறிய வீடுகளுக்குள் புகுந்தன என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் போறணையைப் பார்ப்போம். செங்கல்லால் வில்வளைவாகக் கட்டப்படும் போறணை ஒரு குடும்பத்தின் தேவைக்கு உரியதன்று. அதனுள்ளே விறகிட்டு எரித்துச் சுவரெல்லாம் சூடேற்றி, பின்னர் தணலை ஒதுக்கிவிட்டு, அச்சுவரில் தங்கிய வெப்பத்தால் பாணை வேகவைப்பர். ஒரு முறை சூடேற்றினால் பல டசின் பாண்களை அடுக்கலாம். ஒன்றிரண்டுக்காக அதை மூட்டுவது விறகுக்கு நட்டம். ஆகவே அது கோட்டைக்கும் பட்டினத்து வெதுப்பகத்துக்குமே பொருந்தியது. மேலும் கோதுமை இந்நாட்டில் விளைவதன்று. நெல்லரிசியையும் பனம்பண்டங்களையும் உண்டு வாழ்ந்த மன்னார்க் கரையோர மக்களுக்குப் பாண் நெடுங்காலம் பட்டினத்துப் பண்டமாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றிய கருவி ஒரு சாதாரணச் சட்டி. இலங்கையின் வீடுகளில் மின்போறணையும் வாயுப்போறணையும் வருவதற்கு முன்னர் வெதுப்பும் கலை வளர்ந்தது சட்டியினாலேயே. கனமான சட்டி ஒன்றில் இரண்டு விரற்கிடை உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி அடுப்பில் வைப்பர். மணல் நன்கு சூடேறியதும், மாக்கலவை வார்த்த தகரத்தை அதன்மேல் இருத்தி, தகரமூடியால் சட்டியை மூடுவர். மூடியின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்புவர். கீழே தணல் குறைவாகவும் மேலே சற்றுக் கூடுதலாகவும் இருத்தல் வேண்டும். கீழிருந்து எழும் வெப்பத்தை மணல் தாங்கிச் சீராகப் பரப்புவதால் அடி கருகுவதில்லை. மேலிருந்து இறங்கும் வெப்பம் மேற்புறத்தைப் பொன்னிறமாக்குகின்றது. செங்கற்போறணை செய்த அதே வேலையைச் சட்டியும் மணலும் செய்தன. மணலுக்கோ மன்னார்க் கரையில் பஞ்சமில்லை.

தொடக்கநிலையினர்க்கு இதில் முதற்பாடம் ஒரே நிறைக் கணக்காகும். மா, சீனி, பட்டர், முட்டை ஆகிய நான்கையும் ஒரே நிறையாக எடுத்துக்கொண்டால், எழுத்தறியாதவரும் கணக்கு மறப்பதில்லை. கால் இறாத்தல் மாவுக்குக் கால் இறாத்தல் சீனி, கால் இறாத்தல் பட்டர், அந்நிறைக்கு ஏற்ற முட்டை. பட்டரையும் சீனியையும் வெண்மையாகும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, இறுதியில் மாவைத் தூவிக் கலப்பர். அடிக்கும்பொழுது உட்புகும் காற்றே பண்டத்தைப் பொங்கச் செய்வது; ஆதலால் கை ஓயாமல் அடித்தலே இதன் இரகசியம். வெந்ததை அறிவதற்கு ஓர் ஈர்க்கே போதும். ஈர்க்கைச் செருகி எடுக்கும்பொழுது மா ஒட்டாமல் வருமாயின் தணலை அகற்றலாம். இறாத்தல் என்னும் அளவு சட்டப்படி வழக்கொழிந்து கிலோகிராம் வந்த பின்னரும், கடையில் பாண் கேட்போர் வாயில் அச்சொல் நிலைத்திருக்கின்றது.

கோதுமை மா ஏழை வீட்டுக்கும் வந்துசேர்ந்தது இரண்டாம் உலகப் போரினால் என்னலாம். 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமானபொழுது, அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டு அரிசி போதாமையால் மக்கள் கோதுமை மாவை நாடினர். அரிசிமாவில் பிட்டும் இடியப்பமும் செய்து பழகிய கைகள் கோதுமை மாவையும் அவ்வாறே கையாளக் கற்றுக்கொண்டன. பஞ்சகாலத்துத் துணையாக வந்த மா, அரிசி மீண்டும் கிடைத்தபின்னரும் போகவில்லை. 1980ஆம் ஆண்டில் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியபின் அது நாட்டின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் சென்றது.

இவ்விடத்தில் கொண்டச்சிக்கு உரிய ஒரு தனித்தொடர்பைக் குறிப்பிடவேண்டும். இலங்கையின் கொண்டாட்ட நாட்களில் பல சமூகத்தாரும் விரும்பும் 'லவ் கேக்' என்னும் பண்டம் போர்த்துக்கேயர் காலத்து இனிப்புகளின் வழிவந்தது. ரவை, முட்டை, சீனி, தேன், பன்னீர், ஏலம், சாதிக்காய் என்பவற்றோடு நிறையக் கஜுவும் அதில் சேரும். கஜு என்னும் பெயரும் போர்த்துக்கேயர் தந்ததே. பிரேசில் நாட்டு மரமான மரமுந்திரிகையை ஆசியக் கரைகளுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. வறண்ட மணற்பாங்கான நிலத்தில் செழிக்கும் அம்மரத்துக்குக் கொண்டச்சி மண் ஏற்றதாக அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்கத்தின் பெரிய மரமுந்திரிகைத் தோட்டம் இங்கு உருவாக்கப்பட்டது. முத்துக்குப் பெயர்பெற்ற கரை மரமுந்திரிகைக்கும் பெயர்பெற்றது இவ்வாறேயாகும்.

இனி ரேந்தையின் வரலாற்றைக் காண்போம். போர்த்துக்கேயர் கொணர்ந்ததாகக் கருதப்படும் ரேந்தை, திண்டில் ஊசிகளைக் குத்தி, பல மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாறிமாறிப் பின்னி உருவாக்கப்படுவது. தென்னிலங்கையில் காலி, வெலிகமை முதலிய இடங்களில் இக்கலை இன்றும் 'பீரலு' என்னும் பெயரால் வழங்குகின்றது. அப்பெயரும் நூல்கட்டையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபே. அழகிற் சிறந்ததாயினும் இது எளிதான கலையன்று. திண்டு வேண்டும், மாதிரிப்படம் வேண்டும், பல சோடிக் கட்டைகள் வேண்டும், தொட்ட வேலையை வைத்த இடத்திலேயே வைத்திருக்க இடவசதியும் வேண்டும். செங்கற்போறணையைப் போலவே இதுவும் பெரிய வீட்டுக்கு உரியதாயிருந்தது.

இக்கலை பெண்களின் வாழ்வை மாற்றிய வரலாறு மன்னார் வளைகுடாவின் மறுகரையோடு தொடர்புடையது. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் மால்ட் என்பாரின் மனைவி மார்த்தா மால்ட் 1819ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்தார். அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, எழுத்தோடு ரேந்தைப் பின்னலையும் கற்பித்தார். அக்காலத் திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்தது. 1855ஆம் ஆண்டிலேயே அது அரச ஆணையால் ஒழிக்கப்பட்டது. அவ்வாணை வருமுன்னரே, ரேந்தை பின்னிப் பெற்ற கூலியைச் சேர்த்து வைத்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் நாகர்கோவிலில் இருந்தனர். பிறர் ஆடையை அழகுசெய்வதற்கென விற்கப்பட்ட நூல்வேலை, அதைப் பின்னியவளுக்கு உடலுரிமையாகவே திரும்பி வந்தது. கைத்தொழிலின் வரலாற்றில் இதனினும் பெரிய ஆதாயத்தைக் காண்டல் அரிது.

மார்த்தா மால்ட்டின் மகள் எலைசா தாயிடம் இக்கலையைக் கற்றார். 1844ஆம் ஆண்டில் இராபர்ட் கால்டுவெலை மணந்து, திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள இடையன்குடிக்குச் சென்றார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட கால்டுவெலைத் தமிழுலகம் நன்கறியும். அதே இடையன்குடியில் பனையேறும் குடும்பத்துப் பெண்களுக்கு எலைசா ரேந்தை கற்பித்ததை அறிந்தோர் சிலரே. இலங்கையிலும் இதே காலத்தில் பெண்கல்வியும் தையலும் ஒருங்கே வளர்ந்தன. அமெரிக்க மிஷனார் உடுவிலில் 1824ஆம் ஆண்டில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கினர். 1862ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் போர்தோ நகரத்துத் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தனர். ஏட்டையும் ஊசியையும் ஒருங்கே பெண்பிள்ளையின் கையில் கொடுத்தது அக்காலக் கல்வி. அதன் குறைபாடுகள் எவையாயினும், ஊசி கற்கும் பெயரால் ஏடும் வீட்டுக்குள் வந்தது என்பதை மறுத்தற்கில்லை.

திண்டு ரேந்தையைச் சிறிய வீட்டுக்கும் உரியதாக்கியது குரோசே என்னும் கொக்கிப் பின்னல். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கலை பரவியது. 1823ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு மாதர் இதழ் ஒன்றில் இதன் மாதிரிகள் அச்சேறின. 1845ஆம் ஆண்டில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுக் கொடிய பஞ்சம் தொடங்கியபொழுது, அந்நாட்டுக் கன்னியர்மடங்கள் குரோசேயைப் பஞ்ச நிவாரணமாகக் கற்பித்தன. திண்டில் பல மாதம் பிடிக்கும் ரேந்தையின் தோற்றத்தைக் கொக்கியால் விரைவில் உருவாக்கலாம். ஆகவே அது பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு விரைவில் காசாயிற்று. பின்னர் பள்ளிகள் வாயிலாகவும் அச்சிட்ட மாதிரி நூல்கள் வாயிலாகவும் அக்கொக்கி உலகின் பல பாகங்களுக்கும் பயணம் செய்தது.

அதன் சிறப்பு எளிமையே. ஒரு கொக்கி ஊசி, ஒரு நூலுருண்டை, இரண்டு கைகள் என்பவற்றைவிட வேறொன்றும் வேண்டியதில்லை. முதலில் ஒரு தளர்ந்த முடிச்சு. அதனுள் ஊசியைச் செலுத்தி நூலைக் கொளுவி இழுத்தால் ஒரு கண்ணி. அக்கண்ணியினூடே மீண்டும் இழுத்தால் மற்றொரு கண்ணி. இவ்வாறு தொடர்வதே சங்கிலிப் பின்னல். இதனைச் சீராகப் பின்னக் கற்றவர் இக்கலையின் பாதியைக் கற்றவராவர். ஊசியில் எப்பொழுதும் ஒரே ஒரு கண்ணி மட்டுமே இருப்பதால், அடுப்பில் பால் பொங்கினாலும் பிள்ளை அழுதாலும் வேலையை அப்படியே வைத்துவிட்டு எழலாம். பிழை நேர்ந்தால் நூலை இழுத்தவுடன் அவ்வளவும் அவிழ்ந்துவிடும். நூல் ஒரு முழமும் வீணாவதில்லை. கற்கத் தொடங்குவோரைத் தண்டிக்காத கலை இது.

முதற்பணியாகப் பலரும் பின்னுவது பாற்கோப்பையை மூடும் வட்ட மூடியாகும். ஆறு சங்கிலி பின்னி வளையமாக இணைப்பர். அவ்வளையத்தினுள் பன்னிரண்டு நெடும்பின்னல் இடுவர். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டிட்டால் இருபத்துநான்கு. அதற்கடுத்த சுற்றில் ஒன்றுவிட்டொன்றில் இரண்டிட்டால் முப்பத்தாறு. எண்ணிக்கை குறைந்தால் மூடி கிண்ணம்போலக் குழியும். கூடினால் ஓரம் சுருங்கி அலையும். விளிம்பில் சில மணிகளைக் கோத்துவிட்டால், கடற்காற்றிலும் பறவாமல் கோப்பையின்மேல் அது நிற்கும். எண்ணிப் பழகிய சிறுமி அறியாமலே கணக்கும் கற்றுக்கொள்கிறாள்.

இத்தகைய கைவேலைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற பொதுமுயற்சிகளுள் லங்கா மகிளா சமித்தி குறிப்பிடத்தக்கது. கனடாவில் பிறந்து தமிழர் ஒருவரை மணந்து இலங்கையில் மருத்துவப்பணி செய்த டாக்டர் மேரி இரத்தினம் 1930ஆம் ஆண்டில் அதனைத் தொடக்கிவைத்தார். சுகாதாரம், சமையல், தையல், கைத்தொழில் ஆகியன அதன்வழிக் கிராமப் பெண்களைச் சென்றடைந்தன. பள்ளிகளில் மனையியல் ஒரு பாடமாயிற்று. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் தையல் வகுப்புகள் நடத்தின. போறணையும் ரேந்தையும் எந்த ஒரு சமயத்தாரின் தனியுடைமையும் அல்ல என்பதை இக்கரையோரம் நன்கு காட்டுகின்றது. கத்தோலிக்கரின் நத்தார் மேசையில் வைக்கப்படும் அதே கேக்கு முஸ்லிம்களின் பெருநாள் தட்டிலும் இடம்பெறும். தேவாலயப் பீடத்து விரிப்பின் ஓரமும் தொழுகைத் தொப்பியும் ஒரே சங்கிலிப் பின்னலில் தொடங்குகின்றன. அந்நியர் பெயரோடு வந்த கலைகள் அயலவர்க்கிடையே பொதுப்பொருளாயின.

இதற்கிடையில் முத்துக்கு நேர்ந்தது யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் சலாபம் சில ஆண்டுகள் நடந்தும் பல ஆண்டுகள் நடவாதும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டச்சிக்குத் தெற்கேயுள்ள மரிச்சுக்கட்டியில் பெரிய முகாம்கள் எழுந்தன. பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் பார்களை ஆராய்ந்து விரிவான அறிக்கை தந்தார். 1906ஆம் ஆண்டில் பார்கள் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. மறு ஆண்டோடு சிப்பிகள் அற்றுப்போயின, கம்பனியும் நொடித்தது. ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாகப் புகழ்பெற்றிருந்த தொழில் சில ஆண்டுகளில் பழங்கதையாயிற்று. கடலடியிலிருந்த செல்வம் தீர்ந்தது. அச்செல்வத்தைத் தேடி வந்தோர் தற்செயலாக விட்டுச்சென்ற சிறிய கலைகள் தீரவில்லை.

அவை தீராதிருந்தமையின் பயன் 1990ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஐப்பசி மாதத்தில், கொண்டச்சியை உள்ளிட்ட முசலிப் பகுதி மக்களும் சேர்ந்து, வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக்கொட்டில்களில் தங்கினர். வயலையும் தோணியையும் கால்நடையையும் அவர்கள் பின்னே விட்டுவந்தனர். கொண்டுவர முடிந்தது கையடக்கமான சில பொருள்களும், கை கற்றிருந்த தொழிலுமே. மா பிசையத் தெரிந்த கையும் ஓலை பின்னத் தெரிந்த விரலும் எந்தச் சோதனைச் சாவடியிலும் பறிக்கப்படக்கூடியன அல்ல. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் பல குடும்பங்கள் காடு மூடிக்கிடந்த தம் ஊர்களுக்குத் திரும்பத் தொடங்கின. இடம்பெயர்ந்த இடத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முன்னோர் ஊர் புதிதாயிருந்தது. பாட்டியரிடம் கற்ற பக்குவங்கள் மட்டும் புதியன அல்ல.

இக்கலைகள் வறுமையைத் தனியே நின்று போக்கிவிடும் என்று கூறுவது மிகையாகும். ரேந்தை பின்னிய பெண்களின் உழைப்பால் கூடுதலாக ஆதாயம் பெற்றோர் பல இடங்களில் வணிகரே. கைவேலைக்கு உரிய விலையும், அதனை விற்க ஒரு சந்தையும், வேலை செய்பவளின் கைக்கே காசு சேரும் ஒழுங்கும் இல்லையாயின், கலை பொழுதுபோக்காகவே நின்றுவிடும். நாகர்கோவில் பெண்கள் விடுதலை பெற்றது ரேந்தையின் அழகினால் மட்டுமன்று; கூலி அவர்கள் கைக்கே வந்தமையாலும் ஆகும். கைத்தொழிற் பயிற்சி நடத்துவோர் மறவாது கருதவேண்டிய செய்தி இது.

கருவி பெரிதாயிருந்தவரை போறணையும் ரேந்தையும் சிலருக்கே உரியனவாயிருந்தன. செங்கற்சூளை சட்டியாகவும், திண்டு ஒற்றைக் கொக்கியாகவும் சுருங்கியபொழுது அவை எல்லார்க்கும் உரியனவாயின. இன்று மின்போறணை பல வீடுகளில் உண்டு. இயந்திர ரேந்தை கடைகளில் முழக்கணக்கில் கிடைக்கின்றது. ஆயினும் ஒரு சட்டி, கொஞ்சம் மணல், சிரட்டைத் தணல், ஒரு கொக்கி, ஒரு நூலுருண்டை என்பவற்றோடு ஒரு சிறுமிக்கு முதற்பாடம் சொல்லிக்கொடுப்பதற்குக் கொண்டச்சியில் மட்டுமன்றி எவ்வூரிலும் தடையில்லை. சொல்லிக்கொடுக்கத் தெரிந்த மூத்தோர் இருக்கும்பொழுதே அப்பாடத்தைத் தொடங்குதல் நன்று.